இரு நீரும் ஒன்றான பின்

கடல்மீன்களைச் சிறிய தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றும் வேலையில், மீனைப் பிடிப்பதும் விடுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் கேடின்றிக் கழிய வேண்டுமானால் அவற்றுக்கு முன்பாகப் பல வாரங்கள் நீரைப் பழக்க வேண்டியிருக்கிறது. பழைய தொட்டியின் நீரும் புதிய தொட்டியின் நீரும் உப்பளவிலும் வெப்பத்திலும் காரத்தன்மையிலும், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வளத்திலும், ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகே மீன் இடம்பெயர வேண்டும் என்பதைச் சித்தன்னவாசலில் கடல்மீன் வளர்த்த ஒரு குடும்பத்தின் அனுபவம் உறுதிப்படுத்துகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அந்த இடமாற்றத்தில் உடனிருந்து உதவியவருமான கட்டுரையாளரின் நினைவில் நிற்பவற்றை, அவற்றுக்குரிய அறிவியல் காரணங்களோடு சேர்த்துப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்துக் கருங்கற் குன்றின் அடியில் அமைந்திருக்கும் சித்தன்னவாசல், கடலோடு நேரடித் தொடர்பு ஏதுமற்ற ஊர். மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், பாக் நீரிணையை ஒட்டி, 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் கடற்கரையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய மீனவ ஊர்கள் இருக்கின்றன. எனினும் குன்றிலிருந்து அவற்றை அடைய அறந்தாங்கி வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஊர்மக்கள் அன்றாடம் புழங்கும் நீர், வடகிழக்குப் பருவமழையை நம்பி நிறையும் கண்மாய் நீரும், பாறை வெடிப்புகளில் தேங்கி ஆழ்துளைக் கிணற்றில் ஏறிவரும் கடினநீருமே ஆகும்.

இருப்பினும், நீரில் வாழும் உயிர்களைக் கூர்ந்து நோக்கிய ஒரு நீண்ட மரபு இவ்வூருக்கு உண்டு. குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பட்டுள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் அர்த்தமண்டப விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. அத்தடாகத்தில் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் தாமரை பறிக்கும் மனிதர்களும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றனர். பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபத்தையும் எடுப்பித்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையாகச் சமணர் போற்றும் சமவசரணத்தில், அவைக்குச் செல்வோர் கடந்து செல்ல வேண்டிய நீர்நிலையே இவ்வோவியத்தில் காட்டப்பட்டுள்ளது என்பது அறிஞர் பலரின் கருத்து. குன்றின் கிழக்குப் பக்கத்தில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில், துறவியர் கிடந்து நோன்பிருந்த வழவழப்பான கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தும் காணப்படுகின்றன. குடிக்கும் நீரைக்கூட அதிலுள்ள சிற்றுயிர் மாளாதபடி வடிகட்டிப் பருகியவர்கள் வாழ்ந்த இடம் இது என்ற உணர்வு, பின்னாளில் இவ்வூரில் மீன் வளர்த்தவர்களின் பொறுப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அவ்வாறு வளர்த்தவர் கட்டுரையாளரின் சித்தப்பா. பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவரது வீட்டின் உள்கூடத்தில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 70 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில், பொரிப்பகத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சோடிக் கோமாளி மீன்களும், கரிய உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் கொண்ட டாம்செல் ஒன்றும், நீல டாம்செல்கள் சிலவும், மீன்களின் உடலைத் தூய்மை செய்யும் இறால் ஒன்றும், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளும் வாழ்ந்தன. கோமாளி மீன் என்பது கடல் தாமரை எனப்படும் சாமந்தி வடிவ உயிரியின் கொட்டும் கரங்களுக்கிடையே தீங்கின்றி வாழும் சிறு மீனாகும். பொரிப்பகத்தில் வளர்ந்த சோடிகள் அவ்வுயிரி இல்லாமலே, சுட்டமண் சட்டி ஒன்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டு வாழப் பழகியிருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இத்தகைய வண்ண மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டியதால், கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பிறந்த மீன்களை வாங்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருக்கிறது; சித்தப்பாவின் கோமாளி மீன்கள் அவ்வகையைச் சேர்ந்தவை.

பெரிய தொட்டியின் தேவையை உணர்த்தியது கஜா புயல். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அப்புயல், நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டத்தையும் ஊடுருவிச் சென்று, மின்கம்பங்களையும் தென்னை, பலா, முந்திரித் தோப்புகளையும் சாய்த்துப்போட்டது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போன வீடுகளில் அவர் வீடும் ஒன்று. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடாததால் மனிதர்களுக்கே குடிநீர் தேட வேண்டியிருந்த அந்நாட்களில், பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஓய்ந்த பின், வீட்டார் முறைவைத்துக்கொண்டு இரவு முழுதும் குவளையால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றைக் கலந்தனர். கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரில் கரைவதைவிடக் குறைவு. 28 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளுமானால், அதே வெப்பத்தில் கடல்நீர் 6.4 மில்லிகிராம் அளவே கொள்ளும். சிறு தொட்டியில் அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடுகிறது. நீல டாம்செல்களுள் ஒன்றை வீட்டார் அப்போது இழந்தனர், மற்றவை பிழைத்தன. நீரின் அளவு கூடுதலாக இருந்திருந்தால் அவ்வுயிர்களுக்குக் கூடுதலான நேரம் கிடைத்திருக்கும் என்று சித்தப்பா சொன்னதிலிருந்தே பெருந்தொட்டி பற்றிய பேச்சு தொடங்கியது.

நீரின் அளவு பாதுகாப்பாக அமைவதற்கு எளிய கணக்கே போதிய சான்று. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுவதால், எஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பளவுள்ள 70 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால் அவ்வளவு 36 கிராமாக உயர்கிறது; 340 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் ஆவியானால் 35.2 கிராம் அளவிலேயே நிற்கிறது. பாறைக்குன்றுகள் பகலில் உண்ட வெயிலை இரவிலும் வெளியிடும் இப்பகுதியில், சித்திரை வைகாசியில் ஆவியாதல் மிகுதி. அதனால் சிறு தொட்டியில் நாள்தோறும் நன்னீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டியிருந்தது. வெப்பம் ஏறி இறங்குவதும், மீனின் கழிவு சேர்வதும் இதே கணக்கில்தான் நடக்கின்றன.

ஆனால் பெருந்தொட்டி தரும் இந்தப் பாதுகாப்பை மீன் அனுபவிக்கத் தொடங்குவதற்கு முன் கடக்க வேண்டிய இடமாற்றத்தில், அதன் உடல் இருவகைத் தாக்கங்களுக்கு உள்ளாகிறது. முதலாவது உப்பின் தாக்கம். எலும்புள்ள கடல்மீனின் உடல்நீர் கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு அளவே உப்புச் செறிவு உடையது. ஆகவே அதன் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களிலுள்ள சிறப்பு உயிரணுக்கள் வழியாக வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள நீரின் உப்பளவு சட்டென உயர்ந்தால் இவ்வேலை பெருகி மீன் வறண்டு தளர்கிறது; உப்பளவு சிறிது குறைவதை அது எளிதாகத் தாங்கிக்கொள்கிறது. இறால், நண்டு முதலிய முதுகெலும்பற்ற கடலுயிர்கள் பெரும்பாலும் தம்மைச் சூழ்ந்த நீரின் செறிவையே தம் உடலிலும் ஏற்பவை ஆதலால், அவற்றுக்கு எந்தத் திசையிலும் திடீர் மாற்றம் ஆகாது.

இரண்டாவது அம்மோனியாவின் தாக்கம். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாத தீவனம் அழுகுவதாலும் அது உண்டாகிறது. அது நீரில் இரு வடிவங்களில் இருக்கும்: ஒன்று மிகுந்த நச்சுத்தன்மையுள்ள அம்மோனியா, மற்றொன்று நச்சு குறைந்த அம்மோனியம். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒன்று உயரும்போது நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது, கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவும் கடல்நீர்த் தொட்டியில் கொல்லக்கூடியதாகிறது. இந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். 1890ஆம் ஆண்டளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து விளக்கினார். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்துக் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்தே, அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா என்னும் வேறொரு தொல்லுயிர் வகையும் பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. மணலிலும் கல்லிலும் வடிகட்டிப் பொருள்களிலும் ஒட்டி வாழ்பவை. பழைய தொட்டியின் நீரை மட்டும் மொண்டு புதிய தொட்டியில் ஊற்றிவிட்டால் தொட்டி பழகிவிடும் என்ற பரவலான நம்பிக்கை தவறாவது இதனால்தான்.

சித்தப்பா தேர்ந்தெடுத்த காலம் மாசி மாதம். மழைக்கால ஈரமும் சித்திரை வெப்பமும் இல்லாத அந்த இடைவெளியில் நீரின் வெப்பத்தை 26 முதல் 28 பாகைக்குள் நிறுத்துவது எளிது. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் இரண்டடி உயரமும் உடைய புதிய தொட்டி, சன்னல் வெயில் படாத உட்சுவரை ஒட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் தெர்மோகோல் விரித்து வைக்கப்பட்டது. அத்தொட்டியில் நிரம்பும் கடல்நீர் மட்டுமே ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ளது; கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் அரை டன்னை நெருங்கும். தரை சிறிது சாய்ந்திருந்தாலும் ஒரு பக்க ஒட்டுவாயில் அழுத்தம் கூடிக் கண்ணாடி விலகக்கூடும் என்பதால், கொத்தனார் ஒருவர் ரசமட்டம் வைத்து நான்கு மூலைகளையும் சரிபார்த்தார். சிலிக்கான் பசையின் புளித்த மணம் முற்றிலும் நீங்கிய பிறகு, முதலில் நன்னீர் நிரப்பிக் கசிவு பார்த்து, அதை வடித்துத் தோட்டத்துக்கு விட்டார்கள்.

அடுத்து எழுந்தது எந்த நீரை நிரப்புவது என்ற கேள்வி. 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் போலக் கடலோரத்தில் அமைந்தவற்றுக்குக் கடலே நீர்த்தேக்கம். உள்நாட்டில் அவ்வசதி இல்லை. அதுவரை சிறு தொட்டிக்குக் கோட்டைப்பட்டினத்துக் கடல்நீரே கேன்களில் வந்துகொண்டிருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது, அடி சேறானது. காற்று வீசும் நாட்களில் நீர் கலங்கியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவரும் நன்னீரால் கரையோரத்து உப்பளவும் தாழ்ந்துவிடும். இக்காரணங்களால் பெருந்தொட்டிக்குச் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையின் கனிமங்களைக் கரைத்து வைத்திருப்பதால் அதை ஆர்.ஓ. கருவியில் வடித்த பின், உணவுப்பொருள் வைக்கத்தக்க பிளாஸ்டிக் பீப்பாய்களில் நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் என்னும் கணக்கில் மொத்தம் ஏறத்தாழ 12 கிலோ உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். நீரில் உப்பை இட வேண்டுமேயன்றி உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. செறிந்த கரைசலில் சுண்ணாம்புச் சத்து திரிந்து வெண்பொடியாகப் படிந்துவிட்டால் மீண்டும் கரையாது. ஒரு முழுநாள் மோட்டாரால் கலக்கிய பிறகே உப்பளவு பார்க்கப்பட்டது.

அளவுகளை ஒப்பிட்டபோது இரு தொட்டிகளும் வெவ்வேறு கடல்களாக இருந்தன. நன்னீரோடு ஒப்பிட்டுக் கடல்நீரின் கனத்தைக் காட்டும் ஒப்படர்த்தி, மழைக்காலக் கடல்நீர் நிறைந்த பழைய தொட்டியில் 1.022 ஆகவும், புதிய நீரில் 1.025 ஆகவும் இருந்தது. பழைய நீரில் பல மாதக் கழிவால் நைட்ரேட் மிகுந்தும் பி.எச். சற்றுத் தாழ்ந்தும் காணப்பட்டன. இந்த வேறுபாட்டை இடமாற்ற நாளன்று ஓரிரு மணி நேரத்தில் மீன் தாங்கிக்கொள்ளுமாறு விடுவது ஒரு வழி. பலரும் அதையே செய்கின்றனர். சித்தப்பா மேற்கொண்டது வேறு வழி. புதிய நீரில் சிறிதளவை எடுத்துப் பழைய தொட்டியில் ஊற்றி, அங்கிருந்து அதே அளவை வெளியேற்றுவதைப் பல வாரங்கள் தொடர்ந்து, ஒப்படர்த்தி ஒரு நாளில் 0.001க்கு மேல் உயராதபடி பார்த்துக்கொண்டார். மீன்கள் தாம் அறிந்த இடத்தில், தாம் அறிந்த சட்டிக்குள் இருந்தபடியே, புதிய தொட்டியின் நீருக்குப் பழகிக்கொண்டன. மாற்றத்தின் பெரும்பகுதியை இடமாற்றத்துக்கு முன்பே முடித்துவிடும் இம்முறையே அவ்வனுபவத்தில் கற்கத்தக்கவற்றுள் தலையாயது என்பது கட்டுரையாளரின் கருத்து.

நீர் இவ்வாறு பழைய தொட்டியை நோக்கிச் செல்ல, நுண்ணுயிர்கள் எதிர்த்திசையில் புதிய தொட்டியை நோக்கிச் சென்றன. மெருகிடாத சுட்டமண் துண்டுகளில் நுண்துளைகள் மிகுதி; ஐயனார் கோயில்களுக்குக் களிமண் குதிரைகள் செய்து சுடும் மரபுடைய இம்மாவட்டத்தில் அவை கிடைப்பதும் எளிது. நன்கு கழுவி ஊறவைத்த அத்துண்டுகளைப் பழைய தொட்டியின் வடிகட்டியில் இட்டு, அவற்றின் மேல் நுண்ணுயிர்ப் படலம் படர்ந்த பிறகு, ஈரம் உலராமல் புதிய தொட்டியின் வடிகட்டிக்கு மாற்றினார்கள். அங்கு மீன் ஏதும் இல்லாததால் அவற்றுக்கு உணவாகச் சிறிதளவு தீவனத்தை அழுகவிட்டு, அம்மோனியா ஏறி இறங்குவதையும், அதைத் தொடர்ந்து நைட்ரைட் ஏறி இறங்குவதையும், முடிவில் நைட்ரேட் மட்டும் நிற்பதையும் டெஸ்ட் கிட் கொண்டு பார்த்துக் குறித்துவைத்தார்கள். புதிதாகத் தொடங்கும் கடல்நீர்த் தொட்டி பழகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பழைய வடிகட்டிப் பொருள் சேர்ந்தால் அக்காலம் சுருங்கும், ஆனால் சோதனை காட்டும் முடிவுக்குப் பதிலாக நாள்காட்டியை நம்புவது ஆகாது.

உலகின் பல பகுதிகளில் இவ்வேலைக்குப் பவளப்பாறைத் துண்டுகளை உயிர்ப்பாறை என்ற பெயரில் பயன்படுத்துகின்றனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே பவளத்தைப் பெயர்ப்பதும் விற்பதும் குற்றம். சித்தன்னவாசல் குன்றோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்கலாகாது. கடலின் கல்லும் குன்றின் கல்லும் இவ்வாறு விலக்கப்பட்ட நிலையில், குயவர் சூளையின் மண்ணோடு அமைந்த அத்தொட்டி எதற்கும் குறைவுபடவில்லை.

பழைய மணலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிளறப்படாத மணலின் அடியில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் அழுகிய பொருள்கள் தங்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வளி சேர்ந்திருக்கலாம். கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். அம்மணலை அப்படியே அள்ளிப் புதிய தொட்டியில் கொட்டியதால் ஒரே இரவில் எல்லா மீனும் மாண்டுபோன நிகழ்வுகள் உண்டு. ஆகவே மேற்பரப்பு மணலில் ஒரு கையளவை மட்டும் நுண்ணுயிர் விதையாக எடுத்துக்கொண்டு, எஞ்சியதைத் தொடாமல் விட்டார்கள்.

இடமாற்ற நாளுக்கு முந்தைய நாள் மீன்களுக்குத் தீவனம் இடப்படவில்லை. வயிறு வெறுமையாக இருந்தால் அதிர்ச்சியின்போது வெளியேறும் கழிவு குறையும். காலையில் கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, பழைய தொட்டியின் நீரை மூன்றில் ஒரு பங்காகும்வரை வாளிகளில் இறக்கினார்கள். ஆழம் குறைந்த நீரில் மீனைத் துரத்த வேண்டியதில்லை. துரத்தப்படும் மீன் களைத்து, அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தையும் இழக்கிறது. கைவலையின் கண்களில் செவுள்மூடியின் முட்களும் துடுப்புக் கதிர்களும் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவை நீரில் அமிழ்த்தி, மீனை அதனுள் நீந்திச் செல்லவிட்டு, நீரோடு சேர்த்தே தூக்கினார்கள். கோமாளிச் சோடி தம் சட்டியைவிட்டு வெளிவராததால், சட்டியை நீருக்குள்ளேயே வாளியில் சாய்த்து, மீன்களோடு அப்படியே கொண்டுபோக முடிந்தது.

எந்த உயிர் முதலில் செல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. டாம்செல் மீன்கள் தாம் முதலில் அடையும் மூலையைத் தமதாக்கிக்கொண்டு பின்வருவோரைக் கடித்து விரட்டும் இயல்புடையவை. ஆகையால் அஞ்சி ஒதுங்கும் நீல டாம்செல்கள் முதலிலும், கோமாளிச் சோடி அடுத்தும், முரட்டு மூன்றுபுள்ளி டாம்செல் அன்று மாலை கடைசியிலும் விடப்பட்டன. கோமாளி மீன்களில் சோடியின் பெரியது பெண், சிறியது ஆண். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும் அளவுக்கு அவற்றின் வாழ்வு படிநிலையைச் சார்ந்தது என்பதால் அவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை. இறாலையும் நண்டுகளையும் தனிக் கிண்ணங்களில் வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட் குழாய் வழியாகப் புதிய தொட்டியின் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நெடுநேரம் கழித்தே விட்டார்கள்; மீன்களைவிட அவை மென்மையானவை என்பது முன்னர்க் கூறப்பட்டது. எல்லாம் உள்ளே சென்ற பின் தொட்டியை மூடியிட்டு மூடி, மறுநாள் காலைவரை விளக்கேற்றாமல் விட்டார்கள். புதிய இடத்தில் திகைத்த மீன் இரவில் வெளியே துள்ளிவிடுவது வழக்கம்.

ஒரே வீட்டுக்குள் நிகழும் இவ்விடமாற்றத்துக்கும், ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் வெளியூரிலிருந்து வரும் மீனை விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறிப்பிடுவது தேவை. பையில் பல மணி நேரம் அடைபட்ட மீன் வெளியிடும் கரியமில வாயுவால் பை நீரின் பி.எச். தாழ்ந்து, அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, அதே நீர் நஞ்சாகிறது. அந்நிலையில் மணிக்கணக்கில் நீரைச் சொட்டவிட்டுப் பழக்குவது மீனை நஞ்சில் ஊறவைப்பதாகிவிடும். உப்பளவைப் பையின் அளவுக்கு ஏற்கெனவே சரிசெய்து வைத்த தனித்தொட்டியில், பை நீரைக் கலக்காமல், மீனை மட்டும் விரைந்து விடுவதே நலம். மெதுவாகச் செய்தல் எப்போதும் பாதுகாப்பானது என்ற பொதுவிதி இங்கு மட்டும் பொருந்தாது.

இடமாற்றத்துக்குப் பிந்தைய நாட்களில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அன்றாடம் சோதிக்கப்பட்டன. தீவனம் வழக்கத்தில் பாதியாகக் குறைக்கப்பட்டது. அதிர்ச்சியுற்ற மீனில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து, நோயெதிர்ப்பு தாழ்வதால், கிரிப்டோகேரியன் என்னும் ஒட்டுண்ணி உண்டாக்கும் வெண்புள்ளி நோய் இக்காலத்திலேயே தலைகாட்டும். உடலில் உப்புத்தூள் தூவியது போன்ற புள்ளிகளும், கல்லில் உடலைத் தேய்ப்பதும், மூச்சு விரைவதும் அதன் அறிகுறிகள். அவ்வறிகுறி ஏதும் தோன்றவில்லை. பழைய தொட்டியை உடனே காலிசெய்யாமல், வடிகட்டியோடு நெடுநாள் ஓடவிட்டு, நோயுறும் மீனைப் பிரித்துவைக்கும் இடமாகக் காத்ததும் சித்தப்பாவின் முன்யோசனை.

சில மாதங்கள் கழித்துக் கோமாளிச் சோடி சட்டியின் உட்புறத்தைக் கவ்விக் கவ்வித் தூய்மை செய்து, ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டியது. ஆண்மீன் இடைவிடாமல் துடுப்பால் விசிறி அவற்றுக்கு ஆக்சிஜனூட்டியது. முட்டைகள் கறுத்து, அவற்றுக்குள் வெள்ளிநிறக் கண்கள் தெரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இருட்டு வேளையில் பொரிந்தன. அக்குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியையும், அதற்கு இரையாகும் பச்சைப் பாசியையும் தனியே வளர்த்து ஊட்ட வேண்டும். பொரிப்பகங்களில் நிகழும் அவ்வேலை வீட்டில் இயலவில்லை. எனினும், அச்சத்திலும் நோயிலும் இருக்கும் மீன் முட்டையிடுவதில்லை என்பதால், இடமாற்றம் மீனின் உடலுக்கு ஊறு செய்யவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

பெருந்தொட்டியைப் பார்க்க வந்தவர்களில் பலர், இவ்வளவு இடம் இருக்கும்போது இன்னும் நிறைய மீன் விடலாமே என்று கேட்டனர். சித்தப்பா அதற்கு ஒருபோதும் இசையவில்லை. புயல்காலத்தில் குறைவென்று கண்ட அதே நீரைப் புதிய மீன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், பெருந்தொட்டியும் விரைவில் சிறுதொட்டியின் நிலைக்கே வந்துவிடும். மின்சாரம் நின்ற இரவில் மிஞ்சும் ஆக்சிஜனும், சித்திரையில் மாறாத உப்பளவும் வெற்றிடத்தின் பயன்களே. வளர்க்க முடியாத மீனைக் கடலிலோ கண்மாயிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணத்தையும் அவர் கண்டித்தார்; தொட்டியிலிருந்து வெளியேறும் மீன் நோயையும் சுமந்து செல்லக்கூடும், அந்நிய நீரில் பெருகி அங்குள்ளவற்றை அழிக்கவும் கூடும். கடல்மீன் வளர்க்க விரும்பி அவரிடம் யோசனை கேட்டு வருவோரிடம், எந்த மீன் வேண்டும் என்று கேட்பதற்கு முன், பொரிப்பகத்தில் பிறந்த மீனைத் தேடி வாங்கும் பொறுமை உண்டா, மீனில்லாத தொட்டியில் வாரக்கணக்கில் வெறும் நீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மனம் உண்டா என்ற இரண்டு கேள்விகளை அவர் முன்வைப்பது வழக்கம். இரண்டுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவருக்குக் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் வீடு இருந்தாலும் அது தடையாகாது என்பதையும், சொல்ல இயலாதவர் கடற்கரையிலேயே குடியிருந்தாலும் மீனைக் கண்ணாடிக்குள் கொண்டுவராமலிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் நன்மை என்பதையும் கட்டுரையாளர் அந்த மாசி மாதத்து வேலையிலிருந்து உறுதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.